நாப்பதாயிரம் யூனிட்

ஜொகூர் பாருவில் தம் சொத்துக் கணக்கை இத்தனை சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே பணக்காரர் எங்கள் யூனிட் அண்ணன்தான். மற்ற பணக்காரர்கள் வருமான வரிக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். இவர் தெப்ராவ் பக்கத்தில் ஒரு நாற்காலி ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே கத்துவார். அந்த வண்டியின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்.

நான் அங்கே ஸ்டோர் கிளார்க். பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் யூனிட் டிரஸ்ட் ஒன்றின் ஏஜெண்டிடம் அவர் மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு வந்தார். அவர் பேச்சைக் கேட்டு நானும் அதே ஃபண்டில் போட்டேன். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்டேட்மெண்ட் வந்த நாளில் கேண்டீனே அவருடையது. தாளை விரித்து, எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் கட்டத்தில் விரலை வைப்பார்.

"போன தடவ முப்பத்தெட்டாயிரம். இப்ப நாப்பதாயிரம். நான் தூங்குறப்பகூட அது குட்டி போடுதுலா."

பிறகு எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரிக். எனக்கு மட்டும் கூடவே ஒரு ரொட்டி சானாய் பரோட்டா, ஏனென்றால் நானும் 'யூனிட்காரன்'. கேண்டீன் அக்கா ஒருமுறை, "அண்ணே, யூனிட்டு கூடுனா கரண்டு பில்லு கூடும்னுதான் நான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். "ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்று அண்ணன் அவருக்கும் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். அக்காவின் கடையிலேயே.

அண்ணனின் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய்வருபவர். நிச்சயதார்த்தத்தில் அண்ணனிடம் மைக் கொடுத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டார்கள். "புள்ளைங்க வீடு வாங்குறதுக்கு டெபாசிட்டு என் பொறுப்பு" என்று அண்ணன் ஊரறிய அறிவித்துவிட்டார்.

தாமான் என்று சொல்லும் புதிய குடியிருப்பு ஒன்றில் வீடு பார்க்க, வீடு விற்கும் ஆபீசுக்குப் போனோம். கவிதாவோடும் மாப்பிள்ளையோடும் கிளம்பிய அண்ணன், துணைக்கு வா என்று என்னையும் இழுத்துப் போனார். குளுகுளு அறை, கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி குட்டி வீடுகள். அங்கே வீட்டையும் யூனிட் என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்த பெண் பணிவாகக் கேட்டாள்.

"எத்தன யூனிட்டு பாக்குறீங்க அங்கிள்?"

"பாக்குறதா? நாப்பதாயிரம் யூனிட்டு கையில இருக்கும்மா."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். உடனே குளிர்பானம் வந்தது. மேனேஜர் வந்து கைகுலுக்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பணம் முப்பத்தாறாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், என்றார்கள். "அவ்ளோதானா" என்று அண்ணன் ஸ்டேட்மெண்டை எடுத்து மேசையில் போட்டார். மாப்பிள்ளை அதை எடுத்து, கட்டம் கட்டமாக நிதானமாகப் படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

"மாமா, இந்தக் கட்டத்த பாத்தீங்களா?"

"அது ஏஜெண்டு கமிஷன்தான?"

"இல்ல மாமா. ஒரு யூனிட்டோட வெல. முப்பது காசு."

"ஒரு யூனிட்டு ஒரு வெள்ளிலா. எங்க வீட்டுல காலங்காலமா போட்டுட்டு வர்றோம்."

"அது கவர்மெண்டு ஃபண்டு மாமா. அதுல எப்பவும் ஒரு வெள்ளிதான். இது வேற, இதுல வெல தெனம் மாறும். யூனிட்ட வெலையால பெருக்கணும். கடைசிக் கட்டத்துல அவங்களே பெருக்கிப் போட்டிருக்காங்க பாருங்க. பன்னெண்டாயிரம்."

"அப்ப அது குட்டி போட்டுச்சே?" அண்ணனின் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

"லாபத்த யூனிட்டா குடுத்திருக்காங்க. குடுத்த அன்னிக்கே வெலைய அந்த அளவுக்குக் கொறச்சிருவாங்க மாமா. மொத்தம் மாறாது."

நானும் மனசுக்குள் என் யூனிட்டுகளை முப்பது காசால் பெருக்கிப் பார்த்தேன். வீட்டில் மனைவியிடம் நான் சொல்லி வைத்திருந்த தொகையை நினைத்தபோது காது சுட்டது. இப்போது அண்ணன் என் பக்கம் திரும்பி, 'இவனும் இப்படித்தான் பாத்தான்' என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் பேச்சையே எடுக்காமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அப்பா, நீங்க போட்டது பத்தாயிரந்தான? நஷ்டம் ஒண்ணுமில்லப்பா" என்றாள் கவிதா. "மீதிய நாங்க சேக்கிறோம். வீடு மெதுவா வாங்கிக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. நல்ல பிள்ளைகள். அதனாலேயே அவருக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது.

மறுநாள் வேலைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். பசியாறும் நேரத்தில் கேண்டீனில் மேசை மேசையாகப் போனார். யாரிடமெல்லாம் பீற்றியிருந்தாரோ அவர்களிடமெல்லாம் தாளைக் காட்டினார்.

"நாப்பதாயிரம்னு சொன்னேன்ல, அது தப்பு. பன்னெண்டுதான். யூனிட்ட பாத்து ஏமாறாதீங்க. பக்கத்துலயே வெல இருக்கும், அதையும் பாருங்க."

"அப்ப இனிமே உங்களுக்கு என்ன பேருண்ணே, முப்பது காசா?" என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். முகம் சிவந்துபோய், அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

என் மேசைக்கு வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ வீட்டுல போயி மெதுவா பாத்துக்க தம்பி. யார்கிட்டயும் சொல்லாத" என்று காதோடு சொன்னார்.

ரொட்டியைத் தட்டில் வைத்தேன். எழுந்து நின்றேன்.

"எனக்கும் அதேதாண்ணே. நானும் அந்தக் கட்டத்த பாக்கவே இல்ல."

கேண்டீன் மறுபடி சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து. அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"ஒக்காருலா, மடையா. நான் ஒருத்தன் அவமானப்பட்டது பத்தாதா?"

திட்டிவிட்டு, எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தலை நிமிராமல் இருவரும் பசியாறினோம். அதற்குப் பிறகு இரண்டு தொழிற்சாலை மாறிவிட்டேன். இன்னும் ஒருவர் பக்கத்திலும் அவ்வளவு நிம்மதியாக நான் வெட்கப்பட்டதில்லை.