கிறீஸ் படாத மிளகாய்த்தூள்

மிளகாய் அரைக்கிற மில்லின் பெயாரிங் கூட்டிலிருந்து ஒரு சொட்டுக் கிறீஸ் எட்டிப் பார்த்ததைக் கண்டதும் முருகேசு மில்லை நிறுத்தினார்.

மற்ற நாளென்றால் துணியால் துடைத்துவிட்டு அரைத்திருப்பார். இன்றைக்கு மூலையில் இருப்பதோ மீசாலை அருமைநாயகி அனுப்பிய ஐந்து கிலோ செத்தல் மிளகாய். அந்த அம்மாவின் மகனுக்குத்தான் முருகேசுவின் மகள் கோபிகாவைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெடியனுக்கும் பெட்டைக்கும் விருப்பம், சாதகமும் பொருத்தம். தாய்க்காரியின் வாயிலிருந்து ஒரு 'ஓம்' மட்டும்தான் வரவேண்டும்.

"இஞ்சாருங்கோ, உது சும்மா வந்த மிளகாய் இல்லை," என்றாள் மனைவி குணலட்சுமி. "எங்களைச் சோதிக்கிறா. தூளிலை கிறீஸ் மணம் அடிச்சுதோ, அவ்வளவுதான் கலியாணம்."

முருகேசு மில்லின் சுழல்தண்டைச் சுற்றியிருந்த பழைய கம்பளி வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, றப்பர் சீல் ஒன்றை வாங்கிவந்து, அதன் உதடு போன்ற விளிம்பு உட்பக்கம் பார்க்கப் பூட்டினார். வீட்டு மிளகாயில் ஒரு பிடி போட்டுச் சோதித்தார். கிறீஸ் ஒரு பொட்டும் வெளியே வரவில்லை. பறந்த மிளகாய்த்தூள்தான் உள்ளே போனது. பெயாரிங் பன்றி கத்துவதுபோலக் கத்தியது.

வாகனம் திருத்துகிற கராச்காரன் ஜெயசுதனுக்கு ஃபோன் போட்டார்.

"அண்ணை, உதட்டை வெளிப்பக்கம் திருப்பிப் போடுங்கோ. தூள் உள்ளுக்குப் போகாது."

"அப்ப கிறீஸ்?"

"அது வெளியாலை வரும்."

"அட கோதாரி! பிறகென்னத்துக்கு உதைச் சொல்லுறாய்?"

"ஒண்டில் உள்ளுக்கு இருக்கிறதைக் காக்கலாம், இல்லாட்டி வெளியாலை இருந்து வாறதை மறிக்கலாம். ஒரு சீல் ரெண்டு வேலையும் பாக்குமே?"

"எனக்கு ரெண்டும் வேணும்! என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையடா!"

"அப்ப ரெண்டு சீல் போடுங்கோ," என்று வைத்துவிட்டான்.

பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, ஒன்று உள்ளே பார்க்க, ஒன்று வெளியே பார்க்க, இரண்டு சீலையும் சுத்தியலால் தட்டி இறக்கினார். மில் சத்தமே இல்லாமல் ஓடியது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அருமைநாயகியின் மிளகாயைக் கொட்டினார்.

அரைந்து முடிகிற நேரம் றப்பர் கருகிய மணம் வந்தது. இரண்டு சீலும் தண்டை இறுக்கித் தேய்த்ததில் கூடு கொதித்து, கிறீஸ் உருகி, சீல்களைத் தள்ளிக்கொண்டு கறுப்பாய், கொளகொளவென்று அந்தச் சிவந்த தூளுக்குள் இறங்கியது.

குணலட்சுமி வாயில் கை வைத்தாள். முருகேசு, "கடவுளே... கடவுளே..." என்று தரையில் குந்திவிட்டார்.

அழவும் நேரமில்லை. பின்னேரம் தூளை எடுக்க ஆள் வரும். பாழாய்ப்போன தூளை வளவின் பின்பக்கம் குழிவெட்டிப் புதைத்தார். கனடாத் தம்பிக்கென்று மனைவி காம்பு கிள்ளிக் காயவைத்திருந்த மிளகாயைத் தூக்கினார்.

"ஐயோ, உது என்ரை தம்பிக்கு!"

"உன்ரை தம்பி கடையிலை வாங்கட்டும். மாப்பிள்ளையைக் கடையிலை வாங்கேலாது!"

தலைக்கு மேலே வெள்ளம், சாண் போனாலென்ன, முழம் போனாலென்ன என்று கொடிகாமத்துப் போட்டிக்காரன் மில்லுக்கே போனார். ஆள் தெரியாமலிருக்க ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "முருகேசு அண்ணையோ? உங்கடை மில்லுக்கு என்ன வந்தது?" என்று வாசலிலேயே கத்திக் கேட்டான் பாவி. நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. முருகேசு மிளகாயை அரைத்துக்கொண்டு திரும்பினார்.

பின்னேரம் அருமைநாயகியின் தம்பி ஏரம்பு வந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பையை அவிழ்த்து, தூளை விரலால் உரஞ்சிப் பார்த்தார். மணந்தும் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"நல்ல சுத்தமாய்க் கிடக்குது," என்றார் ஏரம்பு.

முருகேசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கறி வைச்சுப் பாத்திட்டு அக்கா என்ன சொல்லுறாவோ தெரியாது..."

"கறியோ?" ஏரம்பு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உது குரங்கு ஏறாமல் தென்னையிலை பூசுறதுக்கெல்லோ! முருகேசுவின்ரை மில்லிலை அரைச்சால் மரத்திலை ஒட்டக் கிறீசும் சேந்தே வருமெண்டுதான் அக்கா இஞ்சை அனுப்பினவ. ஒரு பொட்டையும் காணேல்லையே, சம்பந்தி!"