சித்தர் ஊதிய பிரேக் ஆயில்

கார்களுக்குப் பேயோட்டும் பிரேக் சித்தரின் பட்டறை வாசலில் அன்றும் பதினேழு கார்கள். எல்லாம் மணிக்கு இருநூறு மைல் போகிற ரகம். கார் ஓடும் வேகத்தில் பாதி வேகம் மூளை ஓடியிருந்தாலும் ஒருவர்கூட அங்கே வந்திருக்க மாட்டார். என்ன செய்வது, மூளைக்கு என்ஜின் விற்கும் கம்பெனி இன்னும் வரவில்லையே.

கடைசிக் கார் ஓர் அண்ணனுடையது. பந்தயத்தில் ஓட்டுகிறவள் தங்கை, ரிப்பேர் பார்ப்பவன் அவன். போன பந்தயத்தின் ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சாய் உள்ளே போய், அவள் டயர் அடுக்கில் மோதி நொண்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. நாளை மறுபடி பந்தயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தங்கை சொல்லச் சொல்லக் கேளாமல் இழுத்து வந்துவிட்டான்.

சித்தர் பேனா போன்ற ஒரு கருவியைக் காரின் பிரேக் ஆயிலில் முக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பிரேக் பிடிக்கலைன்னா, வேற ஏதோ பிடிச்சிருக்குன்னு அர்த்தம்."

பேய்தான் என்று அண்ணன் முடிவுகட்டிவிட்டான். சித்தர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் திறந்து, ஊதி, பேனாவை முக்கினார். பச்சை! கூட்டம் சிலிர்த்துப்போனது. ஆனால் பக்தர்களுக்குக் கிடைப்பது அந்தப் புட்டி அல்ல. அகன்ற அண்டாவில் நாற்பத்தெட்டு நாள் திறந்தே வைத்து மந்திரம் ஏற்றிய ஆயில். மூடினால் மந்திரத்துக்கு மூச்சு முட்டிவிடுமாம்.

அண்ணன் கேனை நீட்டினான். தங்கை மேசையிலிருந்த பேனாவை எடுத்து அண்டாவில் முக்கினாள். சிவப்பு.

நம்பிக்கை இல்லாதவர் கை பட்டால் அப்படித்தான் காட்டும் என்றார் சித்தர், சற்றும் அசராமல்.

"அண்ணா, நீ நம்புறவன்தானே? நீயே முக்கு."

அவன் முக்கினான். அதே சிவப்பு. அவள் பேனாவைத் துடைத்துவிட்டு, காரின் கையேட்டில் போட்டிருந்த ரகத்தில், அதிகச் சூடு தாங்கும் ஆயில் புட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, அப்போதுதான் சீலை உடைத்தாள். யாரும் ஊதவில்லை. அவன் முக்கினான். பச்சை.

"இது ஈரம் பாக்குற மீட்டர், அவ்வளவுதான். திறந்து வெச்சா பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தைக் குடிச்சிடும். பிரேக் சூடானதும் அது கொதிச்சு ஆவியாகும். அப்புறம் பெடலை மிதிச்சா ஆவிதான் அமுங்கும், கார் நிக்காது. ரெண்டு வருஷமா நீ ஆயிலை மாத்தவே இல்லண்ணா."

அண்ணனுக்கு உறைத்தது. தங்கையைக் கொல்லப் பார்த்தது பேயல்ல, தன் சோம்பல்தான். சித்தருக்கு அந்த நேரம் பார்த்து அவசரத் தியானம் வந்துவிட, பின்கட்டுக்குப் போனார்.

அந்த வாசலிலேயே அவள் பெடலை மிதிக்க, அவன் சக்கரம் சக்கரமாய்ப் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றிப் புதியதை நிரப்பினான். பெடல் கல்லாய் நின்றது.

அதுவரை வாய் பிளந்து பார்த்த ஒருவர் பயபக்தியோடு தன் கேனை அவளிடம் நீட்டினார்.

"நீங்களே ஒரு தடவை ஊதிக் குடுத்துடுங்கம்மா."

"மூடி வைக்க வேண்டியது ஆயிலைங்க. நீங்க மூளையை மூடி வெச்சிருக்கீங்க."