வேரைத் தூக்கிப் பார்க்கிறவர்

தூக்கிப் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்கள் தெருவிலும் நாலு பேராவது இருப்பார்கள். அடுப்பில் மூடி வைத்ததை வேக விடமாட்டார்கள், திறந்து பார்ப்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டால் ஆறிவிட்டதா என்று அவிழ்த்துப் பார்ப்பார்கள். தூங்குகிற குழந்தையைத் தூங்குகிறாயா என்று உலுக்கிக் கேட்பார்கள். செத்துப்போன என் வீட்டுக்காரரும் இந்த இனம்தான். இப்போதுதான் நான் நிம்மதியாகச் சோறு வடிக்கிறேன்.

இந்த இனத்துக்கு ராஜா எங்கள் மாடியில் குடியிருக்கும் செக்கர். பஸ்ஸில் ஏறி டிக்கெட் பார்க்கிற உத்தியோகம். முப்பது வருஷமாக யாரையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்.

இவருக்குத் தோட்டம் போடும் ஆசை வந்தது. விதை போட்டால் முளைக்கிற வரை பொறுக்க வேண்டுமே, அது ஆகுமா? நாற்றுப் பண்ணைக்குப் போய், குழிகுழியாக இருக்கும் கருப்புத் தட்டில் விரல் நீளம் வளர்ந்து நின்ற தக்காளி நாற்று ஐம்பது வாங்கி வந்தார். பண்ணைக்காரி படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறாள்.

"அடியில விரலால அமுக்குனா வேரோட உருண்டையா வந்துடும் சார். தொட்டியில வெச்சுத் தண்ணி ஊத்துங்க. அப்புறம் பத்து நாள் கை வெக்காதீங்க."

மொட்டைமாடியில் அவர் சம்சாரம் துணி காயப்போட நாலு கயிறு கட்டியிருந்தாள். தொட்டி வைக்க நாலையும் அவிழ்த்தார். சண்டை படியிறங்கி என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தது.

"மூணு மாசம் தர்றேன். அதுக்குள்ள ஒரு தக்காளியாவது கண்ணுல காட்டணும். இல்லேன்னா தொட்டியெல்லாம் கீழ, கயிறு மேல. பெரியம்மா, நீங்கதான் சாட்சி."

"ஒண்ணா? கூடை எடுத்துட்டு வாடி!" என்றார் செக்கர்.

நடும்போது எண்ணினால் நாற்பத்தொன்பது. பண்ணைக்காரி ஒன்றைக் குறைத்துவிட்டாள் என்று ஒரு வாரம் திட்டினார். வீட்டுக்குள்ளே ஈரப்புடவை கட்டிலுக்கு மேல் சொட்டியது.

நட்ட மறுநாள் காலையிலேயே நான் மாடிக்குப் போனால், முதல் நாற்றைத் திருடன் காதைப் பிடிப்பது போலப் பிடித்துத் தூக்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன தம்பி பண்றே?"

"வேர் விட்டுடுச்சான்னு பாக்கறேன் பெரியம்மா."

"விட்டுச்சா?"

"இல்ல. நாளைக்கும் பாக்கணும்."

ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டால் செக்கருக்கு நியாயமா? தினமும் டூட்டிக்குக் கிளம்புமுன் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒவ்வொன்றாய்த் தூக்கி, பார்த்து, மறுபடி சொருகி, அதன் தலையில் ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போவார். தூக்கியதால் வாடியது; வாடியதால் இன்னும் தூக்கினார். குற்றம் யார் மேல்? மண், வெயில், புறா, கடைசியில் என் கண்!

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, உம் பொண்டாட்டி வயித்துல புள்ள இருந்தப்பவும் தினம் எடுத்துப் பாத்தியா?" என்று கேட்டே விட்டேன். படியில் சம்சாரம் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வாளி உருண்டது.

காய்ந்த நாற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பண்ணைக்குச் சண்டைக்கே போனார்.

"எத்தன தடவ புடுங்குனீங்க சார்?"

"புடுங்கவே இல்லம்மா! பாத்தேன். அவ்வளவுதான்."

மாசம் முடியுமுன் நாற்பத்தொன்பதும் சருகு. ஆனாலும் கெடு முடியவில்லை என்று வெறும் தொட்டிகளைக் காவல் காத்தார்.

மூன்றாம் மாசக் கடைசி நாள், சம்சாரம் தோளில் கயிற்றோடு மாடியேறினாள். நானும் சாட்சியாயிற்றே, பின்னாலேயே போனேன். கயிற்றின் முனையைக் கட்டத் தண்ணீர் டாங்கின் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். டாங்க் சொட்டுகிற இடுக்கில், சேர்ந்த மண்ணில், முழங்கால் உயரத் தக்காளிச் செடி. அதில் சிவப்பாக ஒரு பழம். அன்றைக்குத் தட்டிலிருந்து நழுவிய ஐம்பதாவது! டிக்கெட் எடுக்காத ஒரே பயணி, செக்கர் கண்ணில் படாமல் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தொட்டிக் காவலிலிருந்த செக்கரும் ஓடி வந்தார். சம்சாரம் முகம் இளகியது. "சரி, போங்க. ரெண்டு கயிறு போதும் எனக்கு. பாதி மாடி நீங்களே வெச்சுக்குங்க."

ஜெயித்த மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாதா?

"இத்தினியூண்டு மண்ணுல எப்படிப் புடிச்சு நிக்குது?" என்று தண்டில் கை வைத்தார்.

"ஏங்க!" என்றாள் அவள். "டேய்!" என்றேன் நான்.

வந்துவிட்டது. முழுசாக, பழத்தோடு.

நாலு கயிற்றையும் இழுத்துக் கட்டினாள். செக்கர் கையில் தொங்கிய செடியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வேர் நல்லாத்தான் விட்டிருக்கு பெரியம்மா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மகளைக் கட்டிக்கொடுத்த மூன்றாம் வாரமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று போன் போட்டது யார்? சரி, அதையும் விடுங்கள். செக்கருக்கு மாடி கிடைத்ததா இல்லையா என்று, பாதியிலேயே இந்தக் கடைசி வரியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்?