ஐந்து நாட்டுக் கம்ப்யூட்டரும் நாலு மூலை மஞ்சளும்

‘பங்குக் கிணத்துல பாம்பு வுழுந்தா எவனும் எறங்க மாட்டான்’ என்று எங்கள் மொரப்பூர் பக்கத்தில் சொல்வார்கள். பொதுவில் இருக்கும் பொருளுக்குக் கேடு வந்தால் அவனவன் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பான் என்று அர்த்தம். இந்தச் சொலவடையை நான் எத்தனையோ பேரிடம் எடுத்துவிட்டிருக்கிறேன். ஒரு தடவை அந்தக் கிணற்றில் விழுந்த பாம்பே நான்தான் என்பதை மட்டும் சொன்னதில்லை. (நான் சொல்லாவிட்டால் என்ன, என் வீட்டுக்காரி வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவாள்.)

எண்பதுகளின் பின்பாதி. மொரப்பூரை ஒட்டி, கேழ்வரகும் சாமையும் ஆராய்ச்சி செய்ய ஒரு சின்னப் பண்ணை இருந்தது. நான் அங்கே தினக்கூலி டைப்பிஸ்ட். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.; அதற்கு மேல் டைப்ரைட்டிங் ஹையர். பண்ணைக்குத் தலைவர் டாக்டர் சுந்தரம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கேழ்வரகு டாக்டர். நல்ல மனிதர். கோபம் வந்தால்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் திட்டுவார்.

ஒரு நாள் தொப்பூர் கணவாய் ஏறி வந்த லாரியிலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கியது. உள்ளே கம்ப்யூட்டர். டாக்டர் எங்களை நிற்க வைத்து விளக்கினார். இந்தியா, நேபாளம், கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா ஆகிய கேழ்வரகு தின்கிற ஐந்து நாடுகள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. எல்லாருக்கும் பொதுவாக நைரோபியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர். அவரவர் பண்ணையில் எந்த விதை எப்படி விளைந்தது என்பதைச் சின்னக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிளாப்பியில் பதிந்து, தபாலில் அனுப்ப வேண்டும். பெரியது ஐந்தையும் படித்து, சேர்த்துப் பார்த்து, முடிவை எல்லாருக்கும் திருப்பி அனுப்பும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. “பங்குக் கிணறுங்க ஐயா.”

“அதேதான்.”

“அப்ப யாரு எப்ப எறைக்கறது, யாரு தண்ணிய யாரு எடுத்துக்கறது, மோட்டாரு கெட்டா யாரு பாக்கறதுன்னு பேசி வெச்சிருப்பாங்களே?”

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். அந்தப் பொது விதிகளை இனிமேல்தான் எழுதப் போகிறார்களாம். அடுத்தவர் கணக்கை யார் எடுத்து ஆளலாம் என்பதிலேயே ஐந்து நாட்டுக்காரரும் இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அதுவரைக்கும் ஒரு போகம் சோதனை ஓட்டம். (தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்ப்பது.) சோதனையில் சரிவராத பண்ணையைக் கழற்றிவிட்டு, அங்கே இருக்கிற கம்ப்யூட்டரை வேறு பண்ணைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படிக் கொடுத்தால் அதைத் தட்டத் தெரிந்த ஒரே ஆளான நானும் அப்பாவின் நிலக்கடலைக் காட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: “அருளப்பன், நம்ம பிளாப்பி மொதல்ல போய்ச் சேரணும். சேர்ந்துட்டா உங்க வேலையை நான் நிரந்தரம் பண்ணிடறேன்.”

அந்தப் போகம் முழுவதும் நான் தூங்கினால் கனவிலும் கேழ்வரகுக் கதிர்தான். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போனதில்லை. சத்தமாகத் தும்மியதுகூட இல்லை. கடைசி எண்ணையும் தட்டி, எல்லாவற்றையும் பிளாப்பியில் இறக்கி, எப்படி அனுப்புவது என்று கேட்க மொரப்பூர் தபால் ஆபீசுக்கு ஓடினேன். அந்தக் காலத்துப் பிளாப்பியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அப்பளம் போல மெல்லிசு, சதுரம், நடுவில் ஓட்டை, பக்கத்தில் ஒரு சந்து, நிறம் மைக்கருப்பு. போஸ்ட் மாஸ்டர் அதை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தார்.

“என்னாப்பா இது, கருமாதிக் கடுதாசியாட்டம் இருக்குது?”

அவ்வளவுதான் சொன்னார். ரிஜிஸ்தர் நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார். ஆனால் அந்தச் சொல் என் கூடவே சைக்கிளில் ஏறிக்கொண்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா கையை உதறிக்கொண்டது.

“மொதமொதலா அஞ்சு வூட்டுக்குச் சேதி போவுது. இப்பிடிக் கருகருன்னா அனுப்புவ? வாங்கறவங்க மனசு என்னா பாடு படும்?”

நாங்கள் வேதக்காரர்கள்தான். ஆனாலும் மாதாவைக் கும்பிட ஆரம்பித்தபோது மஞ்சளை விட்டுவிடவில்லை. நல்ல சேதி தாங்கிப் போகிற தாளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள். சாவுச் சேதிக்குக் கருப்பு. கல்யாணப் பத்திரிகை அடித்தால் முதல் பத்திரிகை சாமிக்கு. இது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் பண்ணைக்குப் போய் ஒரு நகல் எடுத்தேன். அது மாதாவுக்கு. அதற்கு மஞ்சள் வைக்கவில்லை. இது சாவுச் சேதி இல்லை என்பது மாதாவுக்குத் தெரியாதா என்ன? பிறகு நைரோபிக்குப் போக வேண்டியதை எடுத்து, மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, நாலு மூலையிலும் முன்னும் பின்னும் தாராளமாகத் தடவி, நிழலில் காய வைத்தேன். (வெயிலில் வைத்தால் பிளாப்பி கெட்டுவிடும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அவ்வளவு ஜாக்கிரதை!) உறையிலிட்டு, அட்டை வைத்து, துணி தைத்து, அரக்கு வைத்து அனுப்பினேன். ஐந்து நாட்டிலும் எங்களுடையதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது. டாக்டர் பண்ணைக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து, நைரோபி கம்ப்யூட்டருக்குப் பொறுப்பான அம்மையாரும் டெல்லி அதிகாரி ஒருவரும் நேரில் வருவதாகத் தந்தி வந்தது. பாராட்டத்தான் வருகிறார்கள் என்று முடிவு கட்டினோம். பண்ணை வாசலில் சுண்ணாம்புக் கோடு, தோரணம், பெரிய செண்டுமல்லி மாலை. ரயிலில் வந்து ஜீப்பில் இறங்கினார் அந்த அம்மையார். நல்ல உயரம், நிமிர்ந்த நடை. நான் மாலையோடு முன்னால் போனேன். மாலையின் மஞ்சளைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார்.

நான் மாலையைத் தோரணத்திலேயே மாட்டிவிட்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அம்மையார் கையில் ரப்பர் உறை மாட்டினார். பைக்குள்ளிருந்து முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எங்கள் பிளாப்பி. ரசம் தாளித்த வீடு போல அறை முழுக்க வாசனை. டாக்டருக்குத் தெரிந்தது. வாட்ச்மேனுக்குத் தெரிந்தது. டீ கொண்டுவந்த முனியம்மாக்காவுக்கும் தெரிந்தது. அந்தக்கா தட்டோடு அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். போன மாதங்களில் பண்ணைக்குள் மஞ்சள் குழைத்தவன் ஒருவன்தானே.

அம்மையார் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். முதலில் வந்தது என்பதால் இந்தியப் பிளாப்பியைத்தான் முதலில் போட்டார்களாம். அதை நன்றாகப் படிக்க முடிந்ததாம். பிறகு இயந்திரம் முனக ஆரம்பித்ததாம். உள்ளே உதிர்ந்திருந்த பொடி தெரியாமல், அதே சந்தில் மற்ற நாலு நாட்டுப் பிளாப்பிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். நாலையும் கீறிப் போட்டுவிட்டதாம். யாரிடமும் நகல் இல்லை. நாலு நாட்டுக்காரரும் வயல் குறிப்புகளைத் தேடி எடுத்து முதலிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இயந்திரத்தைத் துடைத்த ஆபரேட்டர் பெண்ணுக்குக் கை மஞ்சளாகி, எவ்வளவு கழுவியும் போகவில்லை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, மஞ்சள் காமாலைக்குச் சோதித்தார்களாம். ஏதோ பூச்சிமருந்து விஷம் என்று அறையையே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

டெல்லி அதிகாரி டாக்டர் பக்கம் திரும்பினார். நம்மிடம் நகல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று டாக்டர் சொல்வதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

“இருக்குதுங்க சார்.”

வாழ்க்கையில் சொல்லக்கூடாத நேரத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதிகாரியின் முகம் வெளுத்தது. நாலு நாட்டுக் கணக்கும் அழிந்திருக்கிறது. அழித்தவர்களிடம் மட்டும் நகல் பத்திரமாக இருக்கிறது. இதை அந்த நாலு நாட்டுக்காரர்களும் என்னவென்று சொல்வார்கள் என்று டாக்டரிடம் கேட்டார். ‘சதி’ என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அறையில் எல்லாருக்கும் அது கேட்டது.

“எங்கப்பா வெச்சிருக்கீங்க?” என்றார் டாக்டர்.

“வூட்டுல... மாதாகிட்டங்க.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜீப்பில் எங்கள் வீட்டுக்குப் போனோம். மாதா படத்தடியில், மெழுகுவத்திக்குப் பக்கத்தில், ரோஜாப்பூ ஒன்றைத் தலையில் சூடிக்கொண்டு அந்த நகல் சாய்ந்து நின்றது. கம்ப்யூட்டர் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தாரோ என்னவோ, டெல்லி அதிகாரி பூவையும் பிளாப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இங்கிலீஷை ஆரம்பித்து, பாதியில் தொலைத்து, அழுதேவிட்டேன். இருபத்து மூன்று வயதுக் கழுதை!

அம்மா குறுக்கே வந்தது. “எம்பையன் என்னாங்க தப்பு பண்ணான்? கருப்பா அனுப்பாதன்னு சொன்னது நான். நல்ல சேதிக்கு நாங்க இப்பிடித்தான் பண்ணுவங்க.” சொல்லிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்து அம்மையாரிடம் நீட்டியது. டாக்டர் இங்கிலீஷில் சொன்னார்.

அம்மையார் அந்த நாலு மூலையையும் பார்த்தார். ரப்பர் உறையைக் கழற்றிவிட்டு ஒரு மூலையை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, கருப்பாக அனுப்பினால் என்ன அர்த்தம் என்று கேட்டார். சாவு என்று டாக்டர் சொன்னார்.

அப்புறம் அம்மையார் சொன்னதை டாக்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “மத்த நாலு நாடும் கருப்பாத்தான் அனுப்பினாங்களாம். அந்த நாலும்தான் செத்துப்போச்சாம்.”

அம்மா தலையை ஆட்டியது. “நான் சொல்லல?”

முதலில் சிரித்தது அம்மையார்தான். டெல்லி அதிகாரி சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. நாலு நாட்டில் யார் யாரோ விரல் தேயத் தட்டிக்கொண்டிருப்பது கண்முன் நின்றது.

கம்ப்யூட்டரை எடுத்துப் போகவில்லை. அடுத்த போகத்துக்குள் அந்தப் பொது விதிகள் வந்து சேர்ந்தன. யார் யார் கணக்கை எடுத்தாளலாம் என்பதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்; அது எனக்குப் புரியவில்லை. இரண்டு விதி மட்டும் நன்றாகப் புரிந்தது. பிளாப்பியின் மேல் எந்த நோக்கத்துக்காகவும் எந்தப் பொருளும் பூசக்கூடாது. ஒவ்வொரு நாடும் ஒரு நகலை, இயந்திரம் இருக்கும் கட்டடத்தில் அல்லாமல், பாதுகாப்பான வேறோர் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

“முன்னது உங்களால வந்தது, பின்னது மாதாவால வந்தது” என்றார் டாக்டர். வேலையை நிரந்தரமும் பண்ணினார். ஆனால் அவர் ஓய்வு பெறும்வரை ஒரு உறையைக்கூட என் கையால் ஒட்ட விட்டதில்லை.

அந்தப் போகத்து முடிவு நைரோபியிலிருந்து வந்தபோது பிளாப்பி சுத்தமாக, கருப்பாகத்தான் இருந்தது. விதி விதிதானே. மேலே சுற்றியிருந்த காகித உறையில் மட்டும், நாலு மூலையிலும் யாரோ மஞ்சள் பென்சிலால் தேய்த்திருந்தார்கள். அந்த ஆபரேட்டர் பெண்ணாகத்தான் இருக்கும். அந்த உறையை அம்மா மாதாகிட்ட வைத்துவிட்டது.

போன வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதும், சின்னக் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரி வந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க எழுந்திரிங்க, நான் தடவறன். வாங்கற வூட்டுல மிஷினு இருக்குதோ என்னாமோ.”

வந்திருந்த சம்பந்தி வீட்டார் எதற்கு அந்தப் பேச்சு என்று கேட்டார்கள். அவள் காப்பி போட உள்ளே போனாள். காப்பி வருவதற்குள் கதை வந்துவிட்டது.