கிளச்சில் வைத்த கால்

ஒரு சனிக்கிழமை காலையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு லோரன்ஸ் சபதம் எடுத்தார். இனி வீட்டுக் காரைத் தானே பார்த்துக்கொள்வது. கட்டுகஸ்தோட்டைக் கராஜ் ஜனகனின் முகத்தில் விழிப்பதில்லை.

காருக்கு முப்பத்தொரு வயது. அதற்கு வராத நோயில்லை. ஆனாலும் சபதத்துக்குக் காரணம் காரல்ல, மனைவி சுவர்ணா.

முதல் நாள் மாவனல்லையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் என்ஜின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. கார் மட்டும், சம்பந்தி வீட்டுக்கு விருப்பமில்லாமல் போகிறவளைப்போல, நின்று நின்று ஏறியது. கருகல் வாடை வேறு. லோரன்ஸ் முன்னால் போன லொறியைத் திட்டினார். சுவர்ணா மடியிலிருந்த பலகாரப் பையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"லொறி இல்லைங்க. நம்ம கிளச்சுதான் சிலிப் ஆகுது. கியரைக் குறைங்க."

லோரன்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கியரை 'அந்தக் கம்பு' என்று சொல்லிவந்த வாய் அது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"ஜனகன் தம்பிதான்."

"அவன் எப்ப சொன்னான்?"

"போன மாசம் பிரேக் பாக்கப் போனமே. நீங்க டீ குடிக்கப் போனீங்க. அப்ப."

ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் இவ்வளவு நடந்திருக்கிறது. அன்றோடு லோரன்ஸுக்கு டீ கசந்தது.

அவருடைய நெஞ்செரிச்சலிலும் நியாயம் இருந்தது. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் சுவர்ணா அவரைப் புகழ்ந்தது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். சமையலுக்குத் தேங்காய் வாங்கத் தெரியாது, ஆணி அடித்தால் சுவர் விழும், ஆனால் அவர் கையில் கார் பஞ்சுபோலப் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள். அவளுக்கும் கார் பழகிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "இந்தக் கிளச்சுக்கு என் காலு மட்டுந்தான் பழக்கம்" என்று பெருமையாக மறுத்துவிடுவார். இப்போது அந்த ஒரே புகழும் கைமாறிக்கொண்டிருந்தது. ஜனகன் ஓட்டிப் பார்த்தால் என்ஜின் சத்தமே கேட்பதில்லையாம். அந்தத் தம்பிக்குக் காது நல்ல காதாம். ஜனகனுக்குக் காது மட்டுமா இருந்தது? ஆறடி உயரம் இருந்தது, தலை நிறைய முடி இருந்தது, சீவி முறுக்கிய மீசை இருந்தது. கராஜ் சுவரில் என்னென்னவோ பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. லோரன்ஸின் கண் மீசையைத் தாண்டி ஒருநாளும் சுவர்வரை போனதில்லை.

சபதப்படி அவர் போனில் வீடியோ பார்த்துக் கிளச் வைத்தியம் படித்தார். கை பிரேக்கை இழுத்துப் போட்டு, கியரில் வைத்து, கிளச்சை மெல்ல விட வேண்டும். என்ஜின் நின்றுபோனால் கிளச் சுகம். நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அம்பிட்டியாவில் அவர்கள் வீடு ரோட்டிலிருந்து நாற்பது படி மேலே. கார் கீழே ரோட்டோரம் நிற்கும். அன்று பின்னேரமே படியிறங்கிப் போய் முதல் கியரில் போட்டுப் பார்த்தார். என்ஜின் பொட்டென்று நின்றது. கிளச் சுகம் என்று லோரன்ஸ் நெஞ்சை நிமிர்த்தினார். மீன் வாங்கப் படியிறங்கி வந்த சுவர்ணா, போகிற போக்கில், நாலாவதில் போட்டால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வளைவு திரும்பும்வரை காத்திருந்து நாலாவதில் போட்டார். என்ஜின் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது. லோரன்ஸும் உள்ளுக்குள் உறுமினார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகக் காரில் ஏறியபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை யாரோ முன்னுக்கு இழுத்திருந்தார்கள். கண்ணாடியும் திரும்பியிருந்தது. தான் தூங்கும்போது யாரோ தன் காரை ஓட்டியிருக்கிறான். யாரோ என்ன, ஜனகன்தான், சுவர்ணாவையும் கூட்டிக்கொண்டு. ஆறடிக்காரன் எதற்காகச் சீட்டை முன்னுக்கு இழுப்பான் என்று லோரன்ஸ் யோசிக்கவில்லை. வயிறெரிகிறவனிடம் அளவுகோல் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, மாட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டு, இரண்டு மணி தொடக்கம் நாலு மணிவரை அவர் தூங்குவது வழக்கம். திருட்டு அந்த நேரத்தில்தான் நடக்க வேண்டும். ஆகவே அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பொனட்டைத் திறந்து, கிளச் கேபிளின் நட்டை எட்டுச் சுற்று தளர்த்திவிட்டார். இனிக் கிளச்சை எவ்வளவு மிதித்தாலும் கியர் விழாது, கரகரவென்று பல்லைக் கடிக்கும். ஜனகன் நடுரோட்டில் மாட்டுவான். சுவர்ணா முன்னாலேயே மாட்டுவான். தான் போய் நட்டை முறுக்கி அவளைக் கூட்டிக்கொண்டு வருவதுவரை கற்பனையில் பார்த்து முடித்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. தூங்குவதுபோல நடிப்பதுதான் திட்டம். சந்தேகம் வராமலிருக்க இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். கட்டிலில் படுத்துப் பொய்யாகக் குறட்டை விட்டார். ஐந்தாவது குறட்டை நிஜமாகிவிட்டது.

கண் விழித்தபோது மூன்றரை. வீட்டில் சுவர்ணா இல்லை. சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பது படியையும் வெறுங்காலோடு இறங்கினார். கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஒயில்தான் மிச்சம்.

கியர் விழாத காரை எப்படிக் கொண்டுபோனான் பாவி? மேட்டு ரோட்டில் கீழ்நோக்கி மூச்சிரைக்க ஓடினார். இரண்டாவது வளைவில் கார் எதிரே ஏறி வந்தது. கத்தாமல், கருகாமல், பஞ்சுபோல வந்தது. முன்னால் சிவப்பு எழுத்தில் எல் போர்ட். ஸ்டியரிங்கில் சுவர்ணா. பக்கத்தில் மீசையைக் காணோம். கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள்.

ஏற்றத்தில் கை பிரேக்கை இழுத்து, ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் காரை நிறுத்தினாள் சுவர்ணா.

"இது அனுஷியா. ஜனகன் தம்பியோட சம்சாரம். பொம்பளைகளுக்குக் கார் பழக்குறாங்க. கராஜ் செவுத்துல அவ்வளவு பெருசா எழுதிப் போட்டிருக்கே, நீங்க பாக்கலையா? ஏறுங்க, சாரத்தோட நடுரோட்டுல நிக்காதீங்க."

லோரன்ஸ் பின் சீட்டில் ஏறினார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சீட்டில் உட்காருவது அதுதான் முதல் தடவை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

லோரன்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, கார் இன்றைக்கு ஒன்றும் கரைச்சல் கொடுக்கவில்லையா என்று கேட்டார்.

"கியர் விழல. கேபிள்தான்னு பாத்தேன், நட்டு எட்டுச் சுத்து லூசு. முறுக்கிட்டேன்." கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள். "ஒங்க வெள்ளைச் சட்டைக் கையில இருந்த கிரீஸ் எங்கருந்து வந்திச்சுன்னு காலையில ஊறப்போடறப்ப புரியல. பொனட்டைத் தொறந்தப்பதான் புரிஞ்சிச்சு."

லோரன்ஸ் வெளியே பார்த்தார். கடைசி ஆயுதமாக, அவள் பழகிப் பழகித்தான் கிளச் பிளேட் தேய்ந்தது என்று முணுமுணுத்தார். முன் சீட்டுக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் பழகுறது ஆறு வாரமாத்தான்," என்றாள் சுவர்ணா. "அது தேஞ்சது வருஷக்கணக்கா. ஓட்டுறவரு கிளச்சு மேலயே காலைத் தூக்கி வச்சிருக்காராம். ஒங்ககிட்ட சொல்ல ஜனகன் தம்பிக்குக் கூச்சம். அதான் அனுஷியாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

அனுஷியா பின்னால் திரும்பி, நோயாளியிடம் பேசும் நர்ஸைப்போல இதமாகச் சொன்னாள்:

"அக்காவுக்கு இன்னையோட பழகி முடிஞ்சிது அண்ணே. அடுத்த ஞாயிறு மூணு மணிக்கு நீங்க வாங்க. எல் போர்ட்டைக் கழட்டாம அப்படியே விட்டுர்றேன்."