எதிர்க்கடை சார் மூட்டிய இரண்டு அடுப்புகள்

உலகத்தில் எதையுமே தனியாகப் பார்க்கத் தெரியாத மனிதர் எங்கள் எதிர்க்கடை சார்தான். பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கினாலும் "எதிர்க்கடையில என்ன விலை?" என்பார். பல் பிடுங்க வந்த டாக்டரிடமும், திறந்த வாயை மூடாமலே, அதையே கேட்டாராம்.

அறுபதுகளில் நெய்வேலி நகரியத்தில், அடுப்புக்கான பழுப்பு நிலக்கரிக் கட்டி விற்கும் சின்ன ஏஜென்சி ஒன்றில் இருவருக்கும் வேலை. அவர் கணக்கு, நான் விற்பனை.

"விறகை விட நம்ம கட்டி மலிவுன்னு கணக்குப் போட்டு நோட்டீஸ் அடிங்க" என்றார் முதலாளி.

அடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? சார் தம் குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு அடுப்பு மூட்டினார். ஒன்றில் எங்கள் கட்டி. மற்றதில் முந்திரி விறகு. காடாம்புலியூர் மாமனார் வண்டி வண்டியாக விறகை இலவசமாகவே அனுப்புவார். ஒப்பிட்டால் நியாயமாக ஒப்பிட வேண்டுமென்று கடையில் காசு கொடுத்து வாங்கினார்! வேடிக்கை பார்க்க பிளாக்கே திரண்டது. சமையல் அவர் மனைவி கமலா அக்கா.

விறகுச் சோறு வெந்து, வடித்து, வந்தவர்கள் சாப்பிட்டும் ஆயிற்று. எங்கள் அடுப்பில் உலையே கொதிக்கவில்லை.

"புகைஞ்சிக்கினே இருக்குதே, இது சோறாக்கவா, கொசு வெரட்டவா?" என்றார் அக்கா.

சார் மறுநாள் முதலாளியிடம் போய், "விறகுதாங்க மலிவு" என்று சொல்லிவிட்டார்.

"யாருய்யா உனக்குச் சம்பளம் குடுக்கறது?"

"நீங்கதாங்க. அதனாலதான் சொல்றேன். நோட்டீஸைப் படிச்சிட்டு வாங்கறவங்களுக்குக் கண்ணு எரிஞ்சா, மறுபடி நம்மகிட்ட வருவாங்களா?"

"மலிவுன்னு எழுத முடியாதுன்னா நாளையிலேர்ந்து வராதே!"

அன்று சார் சாப்பிடவில்லை. ஆனால் அக்கா சும்மா இருக்கவில்லை. அடுப்பைக் குடைந்து பார்த்தவர், "அடியில காத்தே போவலைங்க. கம்பி வச்சுப் பாக்கலாமா?" என்றார். பட்டறையில் ஒரு கம்பித்தட்டு செய்து வாங்கிவந்து அடுப்பில் பொருத்தினார்கள். முதலாளியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார் சார்.

இந்த முறை கட்டி கனகனவென்று கனன்றது. ஒரே தடவை போட்ட கரியில் சோறு, சாம்பார், குளிக்க வெந்நீர் எல்லாம் ஆயிற்று. பக்கத்து அடுப்போ விறகைத் தின்றுகொண்டே இருந்தது. சாம்பாரை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்ட முதலாளி, "கம்பித்தட்டையும் சேர்த்தே விப்போம்யா" என்றார்.

பிறகு ஒருமுறை மதராஸில், ஒரு வீட்டு வாசலில் எங்கள் கட்டி புகையே இல்லாமல் எரிவதைப் பார்த்தேன். "எங்க ஊர் கரிம்மா அது!" என்றேன் அந்த வீட்டு அம்மாளிடம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நான் பிறந்ததென்னவோ திருநெல்வேலிப் பக்கம். நெய்வேலியை எனக்கு ஊராக்கிக் கொடுத்தவர் அந்த மனிதர்தான்.