கல்லுக்குக் கிழக்கே

ஜவ்வாது மலை,
18-6-1981

போளூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் அக்காள் மகன் சிரஞ்சீவி ராஜவேலுவுக்கு, மாமன் கோபால்சாமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை மங்கம்மாளும் ஆடுமாடுகளும் சுகம். வீடுதான் சுகமில்லை. அது சாமிக்குப் போய்விட்டது.

நம் பெருமாள் கோயிலுக்கு அந்தக் காலத்து ராஜா விட்ட நிலம் எது என்று பார்க்க, பட்டணத்திலிருந்து கல்வெட்டு படிக்கிற அய்யா வருவதாகச் சேதி வந்தது. கல் கிடந்ததோ தசரதனின் சாமைக் கொல்லையில். மாலை மரியாதையெல்லாம் அவன் வாங்க, தர்மகர்த்தா நான் வேடிக்கை பார்ப்பதா? கல்லை நகர்த்தலாமா என்று சாமியிடம் பூ கேட்டேன். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தது. காற்று அடித்திருக்கும் என்று திரும்பக் கேட்டேன். மூன்றாந்தரம் வலப்பக்கம் கொடுத்தார். நாலு ஆளை வைத்துத் தூக்கிவந்தேன். ஏர் ஓட்ட இடைஞ்சல் ஒழிந்தது என்று தசரதனே ஒரு முனை பிடித்தான். என் வீட்டுக்கு மேற்கே நட்டு, மஞ்சள் பூசி, ஆதியிலிருந்து இங்கேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அய்யா வந்தார், மஞ்சளைக் கழுவினார், ஈரத்தாள் ஒட்டி மை தடவினார், கோழிக்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், பிறகு படித்தார். இந்தக் கல்லுக்குக் கிழக்கே ஓடை வரைக்கும் சாமி நிலம் என்று அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவிட்டாராம் ராஜா. கல்லுக்குக் கிழக்கே இன்னா இருக்குது? என் வூடு, மாட்டுக்கொட்டாய், பதினோரு புளியமரம். "ராசாவா நட்டாரு, நீ நட்டியா?" என்று கேட்கிறாள் மங்கம்மாள். ஆக்கிரமித்தவனைத் தர்மகர்த்தாதான் காலி செய்யணுமாம். ஆக்கிரமித்தவன் நான், தர்மகர்த்தாவும் நான். என்னை நானே எப்படியப்பா கழுத்தைப் பிடித்துத் தள்ளுவேன்?

ஆகையால் கல்லை நகர்த்தியது நான்தான், அது தசரதன் கொல்லைக் கல், நான் சொன்னது முழுப்பொய் என்று உன் பெரிய அதிகாரியிடம் எழுதிக்கொடுத்து வீட்டைக் காப்பாற்று. அக்காளுக்கு என் கும்பிடு. நீ மனைவி மக்களோடு ஒரு குறையுமில்லாமல் வாழ மலைச்சாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்த நிமிஷம் வரை வீட்டுக்காரன்,
கோபால்சாமி

பி.கு.: அய்யா இப்போதுதான் கல்லின் பின்பக்கத்தைப் படித்தார். அந்த நிலத்தில் குடியிருந்து சாமிக்கு விளக்கேற்றுகிறவன் சந்திரசூரியர் உள்ளவரை வரியில்லாமல் அனுபவிக்கலாம், ஒருத்தரும் கிளப்பக்கூடாதாம். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் பொய். கல் ஆதியிலிருந்து இங்கேதான் இருக்கிறது. வேறு இன்லண்டு லெட்டர் வாங்க மலை இறங்கணும் என்பதால் இதையே அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு. ஒரு சங்கடம், தசரதன் மூன்று ஆளோடும் கடப்பாரையோடும் வாசலில் நிற்கிறான். கல்லைத் திருப்பி எடுத்துப் போகிறானாம். சாமி உத்தரவு இல்லாமல் தொடக்கூடாது என்றேன்.

"பூ கேட்டுட்டுத்தாங்க வர்றேன். மொதல் தரமே வலப்பக்கம் குடுத்துட்டாரு" என்கிறான்.